சயாம் அத்தர் ஏன் நின்றது

போன மாதம் கடையிலிருந்து இரண்டு இளைஞர்கள் திருநகரில் என் மகன் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இரண்டு பேரும் இப்போது கலவை அறையில் இருப்பவர்கள். கிட்டங்கிக்கு வெள்ளையடிக்கும்போது பழைய பெட்டி ஒன்று அகப்பட்டதாம். அதில் குப்பிகளில் ஒட்டுகிற சீட்டுகள் கட்டுக் கட்டாக இருந்தனவாம். ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். பச்சைக் கட்டத்துக்குள் ஒரு படகு, படகில் கூடை நிறைய எலுமிச்சை, கீழே கொட்டை எழுத்தில் ‘சயாம் அத்தர்.’

“இம்புட்டு அழகாச் சீட்டு அடிச்சிருக்காக, ஏன் பெரியவரே நிறுத்துனாக?” என்று ஒருவர் கேட்டார். “சண்டை வந்ததால சயாம்ல இருந்து எலுமிச்சை இலை வர்றது நின்னு போச்சுன்னு சின்ன முதலாளி சொல்றாரு.”

சின்ன முதலாளி தான் கேட்டதைச் சொல்கிறார். அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான். இலை வரவில்லை என்ற அந்தப் பொய்யை முதன்முதலில் வெளியே சொன்னவர்களில் நானும் ஒருவன். இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு மூன்று வருஷம் முன்பே சயாம் அத்தர் நின்றுவிட்டது. இலை வராததால் நிற்கவில்லை. ஊழியர் மலருக்கு எழுதிக் கொடுங்கள், போடுகிறோம் என்று தம்பிகள் கேட்டார்கள். எழுதியிருக்கிறேன். போடுகிறார்களா என்று பார்க்கிறேன்.

நான் அந்தக் கடையில் சேர்ந்தது முதல் சண்டை முடிந்த பிறகு. தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை, கடைக்குப் பின்னால் வாலை வைத்து எண்ணெய் வடிக்கும் கொட்டகை, அதற்கும் பின்னால் திறந்த முற்றம். வேலை பழகிய கதையை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வருஷம் குப்பி கழுவினேன். மூன்று வருஷம் வாலைக்கு விறகு தள்ளினேன். அப்புறம் ஒரு நாள் முதலாளி இரண்டு பஞ்சுக் குச்சிகளைக் கையில் கொடுத்து, எதில் சந்தனம் பழசு என்று கேட்டார். சரியாகச் சொன்னேன். அன்று முதல் கலவை அறை.

முதலாளி பெயர் காதர் மீரான் ராவுத்தர். மெலிந்த மனிதர். சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். நாம் குனிந்து காதைக் கொடுத்துத்தான் திட்டு வாங்க வேண்டும். இதற்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

கலவை அறைக்கு வடக்குப் பார்த்த ஒரே ஜன்னல். அதிலும் நனைத்த வெட்டிவேர்த் தட்டி தொங்கும். வெயில் ஒரு விரற்கடை கூட உள்ளே விழக்கூடாது. திறந்த குப்பியோடு வாசற்படி தாண்டினவனுக்கு அன்று வேலை கிடையாது. மதியம் லுஹர் தொழுகை முடியும் வரை வெங்காயம், பூண்டு, வெற்றிலை எதுவும் வாயில் படக்கூடாது. பஞ்சுக் குச்சியை எண்ணெயில் தொட்டு இடது புறங்கையில் ஒரு கோடு இழுக்க வேண்டும். முதல் மூச்சு உடனே. அடுத்தது கால் மணி கழித்து. கடைசி மூச்சு சாயங்காலம், அஸர் தொழுதுவிட்டு வந்து. நடுநடுவே ஒரு கம்பளித் துண்டை முகர்ந்து மூக்கைத் துடைத்துவிட்ட மாதிரி ஆக்கிக்கொள்வோம். “அஸருக்குப் பெறகு கையில என்ன மிச்சம் இருக்கோ அதுதான் அத்தரு. அதுக்கு முந்தி மணக்குறதெல்லாம் வெறும் பேச்சு” என்பார் முதலாளி.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. தவறு இந்த ஒழுங்குக்குள்ளேயேதான் உட்கார்ந்திருந்தது. நாங்கள் செய்த எந்த அத்தரையும் ஒரு நாளும் வெயிலில் போட்டுப் பார்த்ததில்லை. வெயில் பட்டால் அத்தர் செத்துப்போகும் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். வெயில் பட்டால் அத்தர் என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை.

முதலாளி வாலிபத்தில் பத்து வருஷம் சயாமில் இருந்தவர். பாங்காக்கில் அவருடைய மாமா ஒருவர் கல் வியாபாரம் செய்தார். அந்தப் பத்து வருஷத்தில் கல்லைப் பற்றி அவர் என்ன கற்றாரோ தெரியாது, சாப்பாட்டைப் பற்றி நிறையக் கற்றுக்கொண்டு வந்தார். அங்கே ஆற்றில் படகு கட்டி விற்கும் ஒரு புளிப்பு ரசத்தை அவரால் மறக்க முடியவில்லை. வாசனைப்புல், அரத்தை, கொத்தமல்லி, முண்டும் முடிச்சுமாகத் தோல் உள்ள ஒரு எலுமிச்சை, அதன் இலை, மிளகாய், மீன். இந்த ரசத்தைக் குப்பியில் அடைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மல்லிகையும் ரோஜாவும் மதுரையில் எல்லாக் கடையிலும் கிடைக்கும், இது யாரிடமும் இல்லை என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மீன் குழம்பு வாசத்தைக் காசு கொடுத்து யார் பூசிக்கொள்வான்? அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“கனி, நாளைக்கு வெள்ளனே வீட்டுக்கு வா. வெறும் வயித்தோட வா” என்றார்.

போனேன். வீட்டுப் பின்கட்டில் முதலாளியே அடுப்பு மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைலியை மடித்துக் கட்டியிருந்தார். கடையில் அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை. மண்சட்டியில் தண்ணீர் கொதித்தது. புல்லை நசுக்கிப் போட்டார்.

“மூக்கைக் கொண்டா. என்ன தெரியுது?”

“புல்லு. கொஞ்சம் இஞ்சி மாதிரி.”

“இஞ்சி இன்னும் போடல. பொறு.” அரத்தையை வட்டமாக அரிந்து போட்டார். “இப்ப?”

“மருந்துக்கடை.”

“கடைக்கு உள்ள போகாத, வாசல்லயே நில்லு. இப்பப் பாரு.” சயாமிலிருந்து கப்பலில் வந்த காய்ந்த இலை இரண்டைக் கிழித்துப் போட்டார். பக்கத்தில் சிறுமலையிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்த காய் ஒன்று இருந்தது, அதுவும் முண்டுத்தோல் எலுமிச்சை. அதன் தோலை ஆவிக்கு மேலே பிடித்து நசுக்கினார்.

எனக்கு வாயில் நீர் ஊறியது, கண்ணிலும் நீர் வந்தது. அதற்கு முன்பு அப்படி ஒரு மணத்தை நான் முகர்ந்ததில்லை. கோடையில் முதல் மழை விழுந்ததும் தெருவே எழுந்து உட்காருமே, அது மாதிரி இருந்தது.

“இது. இத்தோட நிறுத்து. இனிமே மீனு போடப்போறேன், மூக்கைப் பொத்திக்க” என்று சொல்லிச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்த மனிதரை நான் நேசித்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் செய்ததற்கு ஒரு அர்த்தமும் இருக்காது.

பதினோரு கலவைகள் செய்தேன். பதினொன்றையும் அவர் கம்பளித் துண்டைப் போல முகர்ந்துவிட்டு வைத்தார். புல்லும் அரத்தையும் சயாம் இலையும் கொத்தமல்லி விதையும் வாலையில் நன்றாக வடிந்தன. சந்தன எண்ணெயில் சேர்ந்து நின்றன. எலுமிச்சைதான் ஒத்துவரவில்லை. வாலையில் வைத்து வடித்தால் அது வெந்துபோய்விடும். “இது ஊறுகாய்ப் பானை, கனி” என்றார் மெதுவாக.

அப்போது எனக்கு அந்த யோசனை வந்தது. நெருப்பே வேண்டாம். தோலில் இருக்கும் எண்ணெயை அப்படியே பச்சையாகப் பிழிந்து எடுத்தால் என்ன? பித்தளை வேலை செய்யும் கன்னாரிடம் சொல்லி முள்தட்டு செய்து வாங்கினேன். அகலமான பித்தளைக் கிண்ணம். உள்ளே மழுங்கின முட்கள், அடியில் ஒரு குழல். காயை அதில் அழுத்தி உருட்டினால் தோலில் உள்ள பைகள் உடைந்து எண்ணெய் குழல் வழியாக இறங்கும். பன்னிரண்டாவது கலவையில் அந்தப் பிழிந்த எண்ணெயைச் சேர்த்தேன். முதலாளி முகர்ந்தார். கால் மணி கழித்து முகர்ந்தார். அஸர் தொழுதுவிட்டு வந்து முகர்ந்தார். புறங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிழிகிற யோசனை என்னுடையது என்பதை மறுபடியும் சொல்கிறேன். அந்தப் பெருமையை அப்போது நானே வாங்கிக்கொண்டேன், இப்போது வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

காய் உருட்டுவதற்குப் பெண்கள் ஆறேழு பேர் வந்தார்கள். எண்ணெய் தெறித்தால் கண் எரியும் என்பதால் அறைக்குள் முடியாது, திறந்த முற்றத்தில்தான் வேலை. முற்றத்தின் ஒரு மூலையில் மட்டும் வேம்பின் நிழல். ஒரு மாதத்துக்குள் எல்லோருடைய விரலும் புறங்கையும் கொப்பளித்து, பிறகு காப்பித்தூள் நிறத்தில் கறுத்துப்போயின. எலுமிச்சை வேலை என்றால் கை கறுக்கும் என்று சொன்னோம். அவர்களும் அப்படியே நினைத்தார்கள். வேம்படியில் உட்கார்ந்த ஒருத்தியின் கை மட்டும் கறுக்கவில்லை. அவள் தோல் அப்படி என்றோம். மூக்கால் இத்தனை நுணுக்கம் பார்த்தவன், கண்ணால் அதைப் பார்க்கவில்லை.

சயாம் அத்தர் நன்றாக விற்றது. வாங்கினவர்கள் பெரும்பாலும் வீட்டை விட்டு இறங்காத பெண்கள், கோட்டு மாட்டிய வக்கீல்கள், ஜவுளிக்கடை மெத்தையில் உட்காருகிறவர்கள். ஒரே ஒரு புகார் வந்தது. திருமங்கலம் பஸ் ஓட்டுநர் ஒருவர் வந்து வலது மணிக்கட்டைக் காட்டினார். கறுத்துத் தடித்திருந்தது. “இன்ஜின் சூடுண்ணே அது” என்று சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு சிரித்தோம்.

காய் உருட்ட வந்தவர்களில் மூத்தவள் மாயக்காள். டி. கல்லுப்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு கரிசல் ஊர். புருஷன் இறந்த பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்து, கீழவாசல் பக்கம் ஒரு வீட்டில் ஒண்டியிருந்தாள். மகள் பெயர் பொன்னுத்தாய். அப்போது பதினாறு பதினேழு இருக்கும். அம்மாவுக்குச் சோறு கொண்டுவரும்போது என்னைப் பார்த்தால் “மாமா” என்பாள். மாயக்காள் என்னை அண்ணே என்று கூப்பிட்டதால் அந்த முறை.

ஒரு நாள் மாயக்காள் கலவை அறை வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, பொன்னுத்தாயிக்கு எங்கூர்லயே மாப்ள அமைஞ்சிருக்கு. வாற புதங்கெழமை பரிசம் போட வாராக. எனக்குக் கூடப் பெறந்தவன்னு யாரும் இல்ல. தாய்மாமன் எடத்துல நீங்கதான்.”

“நல்ல விஷயம்மா. மாப்ள என்ன பண்றாரு?”

“காடு இருக்கு. கெணறு இருக்கு. பயலும் நல்லவன். ஆனா அவுகளுக்கு எங்களக் கண்டா கொஞ்சம் எளப்பம்தான். பட்டணத்துல போயிக் கூலி வேலை பாக்குறவுகங்குறாக.”

அந்தக் கடைசி வார்த்தை என்னைத் தொட்டது. கால் தோலா அளவில் ஒரு சின்னக் குப்பி எடுத்து, சயாம் அத்தரை நிறைய ஊற்றி அவளிடம் கொடுத்தேன். “காதுக்குப் பின்னால, கழுத்துல, மணிக்கட்டுல. கஞ்சப்படாமப் போடச் சொல்லு. எந்த வீட்டு ராசாத்தின்னு கேக்கட்டும்” என்றேன். தாய்மாமன் சீர் என்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

அவர்கள் ஊரில் வைத்துப் பரிசம் போட்டாயிற்று. அன்று உச்சி வேளையில், அவர்கள் வழக்கப்படி, பெண்ணைக் கூட்டிக்கொண்டு குலசாமி கோயிலுக்கு நடந்தார்கள். சித்திரை மாதம். கரிசல் காட்டில் ஒரு மைல் தூரம், ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

மூன்றாம் நாள் மாயக்காள் வேலைக்கு வரவில்லை. ஏழாம் நாள் வந்தாள், மகளோடு. பொன்னுத்தாய் முந்தானையைக் கழுத்தில் சுற்றியிருந்தாள். மாயக்காள் அதை விலக்கிக் காட்டினாள். காதுமடலின் பின்னாலிருந்து தொண்டைக்குழி வரை, இரண்டு பக்கமும் மூன்று மூன்று கோடுகள், விரல் இழுத்த மாதிரி. கொப்புளம் உடைந்து காய்ந்து கறுத்திருந்தது. மணிக்கட்டிலும் அப்படியே. “கோயிலுக்குப் போயிட்டு வந்த மறுநாளு எரியுதுன்னா. அதுக்கு மறுநாளு பொங்கிருச்சு. மாப்ளயோட ஆத்தா பாத்துட்டா அண்ணே. குஷ்டம், பெருவியாதிங்குறாக. பரிசத்தத் திருப்பிக் குடுங்குறாக.” பிறகு கேட்டாள். “அண்ணே, அந்த அத்தர்ல ஏதாச்சும் இருக்குமா?”

“அத்தர் அப்படியெல்லாம் செய்யாதும்மா” என்றேன். “நான் இத்தனை வருஷமாக் கையில போடுறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே. பாரு.” இடது புறங்கையை நீட்டிக் காட்டினேன். அந்தக் கை வெயிலில் நின்றதே இல்லை. அப்போது எனக்குத் தெரியாது. இந்த முதல் தடவையை மட்டும் அறியாமை என்று சொல்லிக்கொள்கிறேன்.

அவர்கள் முற்றம் வழியாகப் போனார்கள். பொன்னுத்தாயின் கழுத்து ஒரு கணம் காய் உருட்டும் பெண்களின் கைகளுக்குப் பக்கத்தில் தெரிந்தது. ஒரே நிறம்.

மறுநாள் மதியம் முன்கையில் இரண்டு கோடு போட்டேன். ஒன்றின் மேல் துணியைச் சுற்றினேன். மற்றதைத் திறந்து வைத்துக்கொண்டு முற்றத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். மூன்றாம் நாள் துணிக்கடியில் ஒன்றுமில்லை. திறந்திருந்த கோடு நெடுகக் கொப்புளம். வாலையில் வடித்த பழைய எலுமிச்சை எண்ணெயையும் அதே மாதிரி போட்டுப் பார்த்தேன், அது ஒன்றும் செய்யவில்லை. பிழிந்த எண்ணெய்தான். என் முள்தட்டுதான்.

முதலாளியிடம் கையைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து கொப்புளத்தைச் சுற்றித் தானே தடவினார். தன் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினார்.

“எரியுதா?”

“கொஞ்சம்.”

“இதை யாரு யாரு பாத்தாக?”

“யாரும் பாக்கல முதலாளி.”

அவர் குரல் இறங்கியது. நான் குனிந்தேன். “சயாம் அத்தரை இன்னைக்கோட நிறுத்திருவோம். கடைகள்ல இருக்குறதெல்லாம் திரும்ப எடுத்துக்கிருவோம். எலை வரலைன்னு சொல்லு. பிழிஞ்ச எண்ணெய சர்பத் எசன்சுக்குத் திருப்பிவிட்ருவோம், அது தோல்ல படாது. அத்தோட முடிஞ்சுது.”

“அந்தப் பொண்ணு?”

“அந்தப் பொண்ணுக்காக நீ ஒரு ஊர்ல போயி, எங்க அத்தர்தான் சுட்டுச்சுன்னு சொன்னா, நாளைக்கு மதுரை பூரா அதுதான் பேச்சு. இது சயாம் அத்தரு, அது ரோஜா அத்தருன்னு எவன் பிரிச்சுப் பாப்பான்? முப்பது குடும்பம் கனி. உன் குடும்பமும் சேத்து.”

“முற்றத்துல உருட்டுற பொம்பளைகளையாச்சும் நெழல்ல ஒக்காரச் சொல்லுவோம். ஒரு கொட்டகை போட்டா...”

“திடீர்னு கொட்டகை போட்டா ஏன்னு கேப்பாக” என்றார்.

பிறகு மேல்சட்டைப் பையிலிருந்து கலவை அலமாரியின் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். அதுவரை அந்தச் சாவியை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. தலைமைக் கலவைக்காரன் என்று அதற்கு அர்த்தம். பன்னிரண்டு வருஷமாக அதற்காகத்தான் நான் வெங்காயம் தின்னாமல் இருந்தேன். வாங்கிக்கொண்டேன். கைக்குட்டை கட்டிய அதே கையால் வாங்கிக்கொண்டேன்.

மாயக்காள் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை தனியாக. ஓடி வந்திருப்பாள் போலிருந்தது. “அண்ணே, பஞ்சாயத்துப் பேசிட்டேன். மாப்ளயோட அப்பன் ஒரு வழி சொல்லிட்டாரு. அத்தருதான் காரணம்னா, கடையில இருந்து ஒருத்தரு வந்து ஊருக்கு முன்னால சொல்லட்டும், நாங்க ஏத்துக்கிறோம்னுட்டாரு. அந்தப் பயலும் ஒத்தக்கால்ல நிக்கிறான் அண்ணே, கட்டுனா இவளத்தான்னு. வெள்ளிக்கிழமை வரைக்கும் கெடு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க. அந்த அத்தரா இருக்குமா?”

நான் அன்று முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். உள்ளே கொப்புளம் துணியில் ஒட்டி எரிந்தது.

“இருக்காதும்மா” என்றேன். “அதான் அன்னைக்கே சொன்னேனே.”

“சும்மா வந்து நின்னாக்கூடப் போதும்ணே. தாய்மாமன்னு சொல்லி நான் பேசிக்கிறேன்.”

“வெள்ளிக்கிழமை ஜும்மா இருக்கு. வர முடியாது.”

தொழுகையைச் சாக்காகச் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை பள்ளியில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். இமாம் என்ன ஓதினார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கல்லுப்பட்டி பஸ் எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதை மட்டும் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. தொழுகை முடிந்த பிறகும் போயிருக்கலாம். சாயங்காலம் வரை பஸ் இருந்தது.

கடைகளிலிருந்து திரும்பி வந்த குப்பிகளை முற்றத்துச் சாக்கடையில் நானே ஊற்றினேன். ஒரு வாரம் சந்து முழுக்க மணத்தது. ராவுத்தர் வீட்டில் கல்யாணமா என்று தெருவில் போகிறவர்கள் கேட்டார்கள்.

அடுத்த தைக்குள் பொன்னுத்தாயின் கழுத்தில் இருந்த கோடுகள் மறைந்துவிட்டன. சுத்தமாக, இருந்த இடம் தெரியாமல். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தழும்பு இருந்திருந்தால்கூட அவளைப் பார்க்கும்போது ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ. அந்தப் பையனுக்கு ஆடியிலேயே பேசி, ஆவணியில் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். போன வியாதி உள்ளே இருக்கும், பிள்ளைக்கு வரும் என்று சொல்லி அதற்கப்புறம் ஒருவரும் அவளைப் பெண் கேட்டு வரவில்லை. மாயக்காள் நாலு வருஷம் கழித்துக் காலராவில் போய்ச் சேர்ந்தாள். கண்ணை மூடும்வரை என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள்.

அம்மா உருட்டிய முள்தட்டின் முன்னால் மகள் வந்து உட்கார்ந்தாள். சர்பத் எசன்சுக்குக் காய் உருட்டும் வேலை. வந்த இரண்டாம் வாரமே நான் அவளைத் திட்ட வேண்டி வந்தது. வெயில் நகர நகரச் சாக்கை இழுத்துக்கொண்டு வேம்பு நிழலோடு நகர்ந்துகொண்டே இருப்பாள். மற்றப் பெண்களையும் இழுத்து நெருக்கி உட்கார வைப்பாள். ஒரு நாளைக்கு நாலு தடவை தட்டைத் தூக்கினால் வேலை எப்படி ஆகும்? “ஒரு எடத்துல உக்கார மாட்டியா?” என்று கத்தினேன். “வெயிலு ஆகாது மாமா” என்றாள். அவ்வளவுதான். நானும் விட்டுவிட்டேன். சில வருஷத்தில் முற்றத்துப் பெண்கள் யாருக்கும் கை கறுப்பதில்லை. கொட்டகை போடாமலே அந்த வேலை முடிந்ததில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

முதலாளி சண்டை முடிகிற சமயத்தில் மௌத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு நாலைந்து வருஷத்தில் என் மூக்கு போய்விட்டது. ஒரு காலையில் சந்தனக் குப்பியைத் திறந்தேன், தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. கலவைக்காரனுக்கு அதோடு சரி. சின்ன முதலாளி சால்வை போர்த்தி, நாலு வார்த்தை நல்லதாகப் பேசினார். சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியாக ஒரு தடவை முற்றத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பின்பக்கம் போனேன். பொன்னுத்தாய் காய் உருட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயது. தலையில் அங்கங்கே நரை. எழுந்து நின்றாள்.

“போறேம்மா” என்றேன்.

“நல்லா இருங்க மாமா.”

அப்படியே திரும்பியிருக்க வேண்டும். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. சாகிறதுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஏதோ ஒரு வேகம். “பொன்னுத்தாயி, அந்தச் சயாம் அத்தரு...” என்று தொடங்கினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கைகள் எண்ணெயில் பளபளத்தன. “தெரியும் மாமா. இங்க வந்த மொத வாரம் வெயில்ல ஒக்காந்து உருட்டுனேன். கையில பொங்குச்சு. அதே எரிச்சலு, அதே நெறம். அன்னைக்கே தெரிஞ்சு போச்சு.”

“பதிமூணு வருஷம் ஆகப்போகுது. ஏம்மா என்னைய ஒரு வார்த்தை கேக்கல?”

“அம்மா கேட்டுச்சே மாமா” என்றாள். “ரெண்டு தடவை கேட்டுச்சு.”

அப்புறம் அவள் உட்கார்ந்துவிட்டாள். வெயில் சாக்கின் ஓரத்துக்கு வந்திருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குள் நகர்ந்தாள். மற்றப் பெண்களும் தங்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவளோடு நகர்ந்தார்கள். நான் மட்டும் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.